மண்ணூரில் அடித்த ரோமாபுரிக் காசு

தாமஸின் ஷெட்டில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை லட்சுமிகளை எஃகில் வெட்டியிருப்போம் என்று தங்கமாரிக்கே தெரியாது. தீபாவளி நெருங்கினால் ஏதாவது ஒரு கம்பெனி ஊழியர்களுக்குக் கொடுக்க வெள்ளிக் காசு கேட்கும். ஒரு பக்கம் தாமரையில் லட்சுமி, மறுபக்கம் கம்பெனி முத்திரை. அந்த உருவத்தைக் கம்ப்யூட்டரில் புடைப்பாக வரைந்து, மெஷினில் ஏற்றி, கெட்டி எஃகு உருளையின் முகத்தில் இடவலம் மாற்றிக் குழித்தெடுப்பது அவள் வேலை. அந்த உருளைக்குப் பேர் டை. இரண்டு டைகளுக்கு நடுவே வெள்ளி வில்லையை வைத்து அழுத்தினால் காசு.

அவளுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துத்தான் அவளை டிப்ளமா வரைக்கும் படிக்கவைத்தாள். படிப்பு முடிந்த வருஷமே ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறிவிட்டாள். செல்போன் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்கிற வேலை. ஷிப்டு முழுக்க நின்று நின்று கால் தூணாக வீங்கும். கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஹாஸ்டலில் இறங்கி, ஒரே கட்டிலில் வேறு ஷிப்டுக்காரி எழுந்த சூட்டிலேயே படுக்க வேண்டும். படித்த படிப்பு மறந்துவிடும் என்று பயம் வந்த ஒரு நாளில், மண்ணூரில் டை வெட்ட ஆள் தேவை என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்தவள், அங்கேயே நின்றுவிட்டாள். ஊரில் மாப்பிள்ளை பார்த்துக் கொண்டேதான் இருந்தார்கள். வந்தவர்களெல்லாம் வேலையை விடச் சொன்னார்கள். அவள் விடவில்லை. அப்படியே முப்பதைத் தாண்டிவிட்டாள்.

தாமஸ் மண்ணூர்க்காரர். ஒரு காலத்தில் அந்த ஷெட்டில் இரண்டு ஷிப்டு ஓடியது. கார் கம்பெனிகளுக்குச் சாமான் கொடுக்கிற பெரிய வெண்டர் ஒருத்தர் இடம் மாறிப் போனதும் ஆர்டரெல்லாம் அவரோடு போய்விட்டது. ஆட்களும் போய்விட்டார்கள். மிஞ்சியது தாமஸ், தங்கமாரி, ஒரு பிரஸ், ஒரு என்கிரேவிங் மெஷின். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு வந்து, ஓடாத மெஷின்களுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் போவார்.

அந்த ஷெட்டுக்கு அண்ணாதுரை வந்தது ஆடி மாதம் ஒரு மத்தியானத்தில். ஐம்பது வயதிருக்கும். மெதுவான பேச்சு. கை கழுவ இடம் கேட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, கைக்குட்டையில் ஈரம் ஒற்றியெடுத்த பிறகுதான் பைக்குள்ளிருந்து சின்ன வெல்வெட் பொட்டலத்தை வெளியே எடுத்தார். உள்ளே நான்கு வெள்ளிக் காசுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வட்டம் சரியான வட்டமில்லை. ஓரம் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது.

"ரோம் தேசத்துக் காசு. ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முந்தினது" என்றார் அண்ணாதுரை. "வெளிநாட்டுல மியூசியம் வாசல்ல கடை இருக்கும். அங்க விக்கறதுக்கு இதே மாதிரி நகல் வேணும்."

தாமஸ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நம்ம வேதத்துல வரிக்காசக் காட்டுன்னு ஆண்டவர் கேப்பாரே, அது இதானா?"

"இதே இனந்தான். அது இன்னும் பழசு."

தாமஸ் காசைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டதைத் தங்கமாரி பார்த்தாள்.

அவளுக்கு அந்தக் காசுகள் மேல் கண் ஒட்டிக்கொண்டது. நான்கிலும் பெண்கள். பக்கவாட்டு முகம், பின்னிச் சுருட்டிய கொண்டை, கூரான மூக்கு. திருப்பிப் பார்த்தால் பின்னாலும் பெண்தான், முழு உருவம். ஒருத்தி கையில் தானியக் கதிர். ஒருத்தி கையில் பழம். ஒருத்தியின் காலடியில் மயில். லட்சுமியை வெட்டிய கைக்கு மயிலும் கதிரும் புதிதில்லை. ஆனால் இவர்கள் யாரும் கைதூக்கி ஆசீர்வாதம் செய்யவில்லை. எங்கேயோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுல யாரு ராணி, யாரு சாமி சார்?"

"முன்னாடி ராணி, பின்னாடி சாமி. பொண்டாட்டி எந்தச் சாமி மாதிரி இருக்கணும்னு ராஜா நினைக்கிறாரோ, அந்தச் சாமிய பின்னாடி போடுவாங்க" என்றவர், ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். "இது பவுஸ்தினா. செத்த பிறகு புருஷன் இவளுக்குக் கோயிலே கட்டினான். இது ஜூலியா டோம்னா. பெத்த ஒரு பிள்ளையே இன்னொரு பிள்ளைய இவ மடியில வச்சுக் கொன்னான்னு எழுதி வச்சிருக்காங்க. இது லூசில்லா. கூடப்பிறந்த தம்பியே இவளத் தீவுக்கு அனுப்பிக் கொன்னான்."

நான்காவது காசில் இருந்தவள் சின்னப் பெண். கன்னத்தில் இன்னும் பிள்ளைச் சதை இருந்தது.

"இவ பிளாட்டில்லா. ராஜா மகனுக்குக் கட்டிக் கொடுத்தாங்க. பின்னாடி நிக்கறது கன்கார்டியா, ஒத்துமைக்குச் சாமி. கல்யாணத்துக்கு அப்புறம் அடிச்ச காசு. அவனுக்கு இவள ஆகவே ஆகாது. தீவுல கொண்டு விட்டான். அவன் ராஜா ஆனதும் ஆள் அனுப்பிக் கொன்னுட்டான்."

"அப்ப இந்தக் காசு?"

"காசுக்கு என்ன? அது பாட்டுக்குச் செல்லுபடியாச்சு."

சொல்லிவிட்டு அண்ணாதுரை சிரித்தார். தங்கமாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை தொடங்கியது. காசுகளை ஸ்கேன் செய்து, புடைப்பைத் திரையில் ஏற்றி, தேய்ந்த இடத்தையெல்லாம் அவள் வழக்கம்போலச் செதுக்கிச் சரிசெய்து வைத்திருந்தாள். அண்ணாதுரை பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"அழகாக்காத தங்கம். மூக்கு தேஞ்சிருந்தா தேஞ்சே இருக்கட்டும். அப்புறம், ஒரு முகத்துக்கு ஒரே டை போதாது. கொஞ்சம் கொஞ்சம் மாத்தி மூணு வெட்டு."

"எதுக்கு சார் மூணு?"

"எல்லாக் காசும் அச்சு அசலா ஒண்ணு போல இருந்தா நல்லா இருக்காது."

நகல் என்று பொடி எழுத்தில் குறிப்பது வழக்கம். இதில் அது வேண்டாம் என்றார். பிரஸ்ஸில் அழுத்தும்போது வில்லையை நேராக வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். பிளாட்டில்லாவின் டையைக் கையால் மெருகேற்றும்போது தங்கமாரியின் ஊசி நழுவி, தாடைக்குக் கீழே கழுத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. புதிதாக வெட்டித் தருகிறேன் என்று சொன்னதற்கு, வேண்டாம், அது ரொம்ப நன்றாயிருக்கிறது என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

கடையில் விற்கிற பொம்மைக் காசுக்குக் கோணலும் கீறலும் எதற்கு? தங்கமாரி அன்று சாயங்காலம் தாமஸிடம் கேட்டேவிட்டாள்.

"சார், எனக்கு இது சரியாப் படலை."

தாமஸ் ஷட்டரை இழுத்துக்கொண்டே சொன்னார். "எனக்கு மட்டும் படுதா? கிராக்கி இன்னா கேக்குதோ அத்த பண்ணிக் குடுத்துட்டு நம்ம வேலையப் பாத்துகினு போவோம். இந்த ஆர்டர் இல்லன்னா பொங்கலுக்குள்ள ஷெட்ட மூடிடணும். அப்புறம் நீ எங்க போவே, நான் எங்க போவேன்?"

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடித்த காசுகள் வெள்ளை வெளேரென்று போயின. சில வாரம் கழித்து அண்ணாதுரை ஒரு காசைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கறுத்து, பள்ளத்தில் பச்சைப் பொருக்குப் படிந்து, மண்வாசம் அடித்தது. முதலில், அவர் அன்று கொண்டுவந்த பழைய காசுகளில் ஒன்று என்றே நினைத்தாள். பிறகு கழுத்தில் கீறல் தெரிந்தது. தன் கையால் செய்ததைத் தன்னாலேயே அடையாளம் காண முடியாமல் போயிருந்தது.

"எதுல போட்டு வச்சீங்க சார்?"

"அதை விடு. நீ தென்காசிப் பக்கமா?"

"சங்கரன்கோவில்."

"வாலாஜாபாத் ரோட்டுல ஒரு லேயவுட்ல காம்பவுண்டு சுவருக்குக் கடைக்கால் தோண்டணும். ஜேசிபி உள்ள போக முடியாத மூலை. கை வேலை. உங்க ஊர்ப் பக்கத்துல இருந்து வந்தவங்க யாராவது இருந்தா சொல்லேன். அதிகம் பேசாத ஆளா, நம்பிக்கையான ஆளா."

பேச்சியின் பேரை அவள்தான் சொன்னாள். வேறு யாருமில்லை.

பேச்சி அவளுக்குப் பக்கத்து அறை. மண்ணூர்த் தெருவின் கடைசியில் ஒரே வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை அறைகளில் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். பேச்சிக்கு நாற்பது நாற்பத்திரண்டு வயது. சித்தாள் வேலை. புருஷன் திருப்பூர் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. தங்கமாரி டெங்கு வந்து விழுந்து கிடந்த மாதம், காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சி வேலைக்குப் போவாள். ஒரு குடோன் வேலை முடிந்து கையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நேரம் அது. தங்கமாரி சொன்னதும் மறுநாளே மண்வெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில், தண்ணீர்க் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த பேச்சி தங்கமாரியைக் கண்டதும் கிட்டே வரச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

"ஏட்டி, இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு கேளு. மம்பட்டியப் போட்டா டொக்குங்கு. என்னன்னு பாத்தா சின்னப் பானை மாதிரி செப்பு ஒண்ணு. உள்ளுக்கப் பூராம் காசு. கருகருன்னு கெடக்கு."

தங்கமாரி வாளியைக் கீழே வைத்தாள்.

"அந்த அண்ணாதுரை சாரும், கூட ஒரு கோட்டுப் போட்ட ஆளும் பக்கத்துலயே நின்னாவ. கோட்டுக்காரன் ஓடியாந்து குழிக்குள்ள எறங்கிட்டான். மண்ண ஊதி ஊதிப் பாக்கான். ஒருத்தன் போன்ல படம் புடிச்சான்."

"நீங்க காசப் பாத்தீயளாக்கா?"

"பாத்தேன். பூராம் பொம்பளையளுவ மூஞ்சி. ஒருத்தி சின்னப் பிள்ள. பாவம், கழுத்துல கீறிப் போயிக் கெடந்துச்சு." பேச்சி துணியைப் பிழிந்தபடி குரலைத் தாழ்த்தினாள். "வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. ஒங்கிட்டதான் சொல்லுதேன்."

சொல்லிவிடலாம் என்று தங்கமாரிக்கு வாய் வரைக்கும் வந்தது. அக்கா, அந்தச் செப்பை நேற்றுதான் புதைத்திருப்பார்கள், அந்தக் காசு நான் வெட்டியது, அந்தக் கோட்டுக்காரரை ஏமாற்ற உங்கள் கையைக் கருவியாக்கிக்கொண்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். பேச்சிக்கு மனசில் எதுவும் நிற்காது. விடிவதற்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு போலீஸ், ஷெட்டுக்குப் பூட்டு. இத்தனையையும் நினைத்துப் பார்த்துவிட்டு, "சரிக்கா, யார்ட்டயும் சொல்லாதீய" என்று மட்டும் சொன்னாள்.

படம் பிடித்தவன் சும்மா இருக்கவில்லை. பத்து நாளில் அந்த வீடியோ ஒரகடம் முழுக்க வாட்சாப்பில் சுற்றியது. டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், கேன்டீன் வரிசையில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். சுற்றச் சுற்றப் புதையல் வளர்ந்தது. ஒரு செப்பு ஏழு குடமானது. வெள்ளி தங்கமானது. அம்மன் சிலை ஒன்றும் கிடைத்ததாகப் படப்பையில் சொன்னார்களாம். வீடியோவில் காசை விட நன்றாகத் தெரிந்தது பேச்சியின் முகம்தான். குழியில் நின்று, மண்வெட்டியைப் பிடித்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த லேயவுட் தணிகாசலத்துடையது. ஏரி மண் ஓட்டும் டிப்பர் லாரிகளும் ஜேசிபிகளும் வைத்திருப்பவர். அந்தப் பக்கத்தில் அவர் பேரைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அண்ணாதுரை அங்கே குழி வெட்டிக்கொள்ள இடம் கேட்டபோது, ஏதோ ஷூட்டிங் என்று நினைத்து விட்டிருக்கிறார். தன் நிலத்திலிருந்து புதையல் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று வீடியோ பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது.

முதல் முறை வந்தபோது அவர் ஆட்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். வெள்ளைக் கார் தெருமுனையில் நின்றது. இரண்டு பேர் இறங்கி, பேச்சி எந்த அறை என்று கேட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். வேறு என்ன எடுத்தாய், இன்னொரு பானை எங்கே என்று கேட்டார்கள். பேச்சி பார்த்ததைச் சொன்னாள். போகும்போது ஒருவன், "யோசிச்சி வைம்மா, மறுபடியும் வருவோம்" என்று சொல்லிவிட்டு, மூலையில் சாத்தியிருந்த அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்றைக்கே அண்ணாதுரையின் போன் அணைந்தது. தாமஸ் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்த டைகளையெல்லாம் ஒரு கூடையில் அள்ளி தங்கமாரியின் முன்னால் வைத்தார்.

"கிரைண்டர்ல போட்டு மூஞ்சியெல்லாம் அழிச்சிடு. இப்பவே. அந்தாளு வந்ததே இல்ல, நாம பாத்ததே இல்ல."

"சார், பேச்சியக்காவத் தேடி வாராவ. அங்க வேற பானையே கெடையாதுன்னு நமக்குத்தான தெரியும்?"

"போயி சொல்லுவியா? சொன்னா நம்மள வுட்ருவானா?" தாமஸ் கூடையை அவள் பக்கம் தள்ளினார். "எனக்கு வூட்ல பொண்ணு கீதும்மா. என்னை இதுல இழுக்காத."

அவள் கிரைண்டரைப் போட்டாள். பொறி பறந்தது. பவுஸ்தினா போனாள். டோம்னா, லூசில்லா, மயில், கதிர், பழம் எல்லாம் போயின. கழுத்தில் கீறல் விழுந்த அந்த ஜோடி டையை மட்டும், தாமஸ் வாசலுக்குப் போன நேரத்தில் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கூடவே இரண்டு வெள்ளி வில்லை, டைகளைச் சுற்றிப் போடும் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று. அப்போதே ஏதோ திட்டம் இருந்தது என்று சொல்ல முடியாது. எல்லாம் அழிந்துபோனால், பேச்சி சொல்வது உண்மை என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது என்பது மட்டும் புரிந்திருந்தது.

பேச்சியிடம் அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "என்னைய எதுக்குட்டி அனுப்புன?" என்று கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. ஊருக்குப் போய்விடுங்கள், காலையில் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று தங்கமாரி சொன்னாள். சரி என்று தலையாட்டிய பேச்சி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் தங்கமாரி கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பேச்சியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. துணிக்கொடியில் பேச்சியின் புடவை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

போலீசுக்குப் போவதா, நேரே தணிகாசலத்தின் யார்டுக்குப் போவதா என்று அவள் தெருவில் நின்று யோசித்தாள். ஸ்டேஷனில் உட்காரவைத்து, எழுதி வாங்கி, அவர்கள் கிளம்புவதற்குள் என்ன ஆகும் என்ற நினைப்பு அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றியது. ஒரகடத்தில் இறங்கி, வாலாஜாபாத் பஸ் பிடித்து, டிப்பர் லாரிகள் நிற்கும் அந்த யார்டின் வாசலில் இறங்கினாள். தோளில், டைகள் கிடந்த சாப்பாட்டுப் பை கனத்தது.

தணிகாசலம் தகரக் கொட்டகையின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பருத்த, அமைதியான ஆள். நெற்றியில் விபூதி.

"இன்னாம்மா வேணும்?"

"பேச்சியக்காவ விட்டுருங்க. அவங்க ஒண்ணும் எடுக்கல. அங்க புதையலே கெடையாது."

"வீடியோல காசு கீதே."

"அந்தக் காசு நான் செஞ்சது."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். லாரியின் ஸ்பிரிங் பட்டைகளை வைத்துத் தட்டி நிமிர்த்துகிற பெரிய இரும்புக் கட்டை ஒன்று கிடந்தது. பக்கத்தில் சம்மட்டி. அவள் கட்டையின் மேல் கீழ் டையை வைத்தாள். பையிலிருந்து இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து அதைச் சுற்றிப் போட்டாள். வெள்ளி வில்லையை உள்ளே இறக்கி, மேல் டையைக் குழாய்க்குள் செருகினாள். இரண்டு தடவை சரியாக உட்காரவில்லை. பிறகு சம்மட்டியை ஓங்கிப் போட்டாள். தகரக் கொட்டகை அதிர்ந்தது. இன்னொரு அடி.

குழாயைத் தட்டி எடுத்து, சூடாக இருந்த காசை அவர் முன்னால் நீட்டினாள். சின்னப் பெண்ணின் முகம் வெள்ளையாகப் பளபளத்தது. கழுத்தில் கீறல்.

தணிகாசலம் போனை எடுத்தார். வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினார். திரையையும் காசையும் மாறி மாறிப் பார்த்தார். இளநீர்க் கூட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காசைத் திருப்பி, பின்னால் நின்ற தேவதையைக் கட்டைவிரலால் தடவினார்.

"அந்தம்மாவ இட்டுனு வா" என்றார்.

பின்கட்டு அறையிலிருந்து பேச்சியைக் கூட்டிவந்தார்கள். வலது கையை இடது கையால் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். மணிக்கட்டுக்குக் கீழே விரல்கள் நிற்க வேண்டிய விதத்தில் நிற்கவில்லை. தங்கமாரியைப் பார்த்தும் அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"தப்பாயிடுச்சு. பசங்க அவசரப்பட்டுட்டானுங்க" என்றார் தணிகாசலம். பிறகு தங்கமாரி பக்கம் திரும்பி, கல்யாண வீட்டில் விசாரிப்பது போல மெதுவாகக் கேட்டார். "இந்த அச்ச வச்சிகினு இன்னும் எத்தினி போடலாம்?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"கோட்டுக்காரன் ஒருத்தன் வாங்கினான்னா இன்னும் நாலு பேரு வாங்குவான். எடம் நம்மளுது. வேற எடமும் கீது. நீ செஞ்சி குடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

டை தேய்ந்துவிட்டது, புதிதாக வெட்ட வேண்டும், மெஷின் ஷெட்டில் இருக்கிறது என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அக்காவை முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன் என்றாள். அவர் சரி என்றார். இரண்டு டைகளையும் காசையும் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். ஆளனுப்பி ஒரு ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்த்ததும் எப்படி ஆனது என்று கேட்டார். பேச்சி, விழுந்துவிட்டேன் என்றாள். ஆட்டோக்காரன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். தங்கமாரி கண்ணாடி வழியாக அவனை ஒரு தரம் பார்த்தாள். "விழலை சார். அடிச்சிருக்காவ. போலீசக் கூப்பிடுங்க" என்றாள்.

வந்தவர் லீலா என்ற சப்-இன்ஸ்பெக்டர். கேட்டுக்கொண்டே வந்தவர், டை வெட்டியது அவள்தான் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இதைச் சொன்னா உன் பேரும் கேஸ்ல வரும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சா சரி. மேல சொல்லு."

அன்றைக்கே யார்டுக்குப் போலீஸ் போனது. டைகளும் காசும் தணிகாசலத்தின் மேஜை இழுப்பறையில் அகப்பட்டன. ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். தாமஸை ஜீப்பில் ஏற்றும்போது தெருவே நின்று பார்த்தது. அண்ணாதுரை இன்றுவரை கிடைக்கவில்லை. கோட்டுக்காரர், தான் எதையும் வாங்கவே இல்லை என்று வக்கீல் மூலம் சொல்லிவிட்டார். வாங்கியதை ஒப்புக்கொண்டால் புதையல் வாங்கிய குற்றமும் சேர்ந்துவரும்.

பேச்சியின் கையில் இரண்டு விரல் மடங்காமலே நின்றுவிட்டது. ஊரிலிருந்து அண்ணன் வந்து கூட்டிப்போனார். பஸ் ஏறும்வரை தங்கமாரி கூடவே நின்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பேச்சி, "ஒங்கம்மாவப் பாத்தா நல்லா இருக்கேன்னு சொல்லுதேன்" என்றாள். அதற்குப் பிறகு தங்கமாரி போன் செய்தால் அண்ணன்தான் எடுப்பார். தூங்குகிறாள் என்பார்.

ஜாமீனில் வெளியே வந்த தாமஸை ஒரு தடவை கடைவீதியில் பார்த்தாள். தாடி வைத்திருந்தார். "நீ செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா இனிமே என் மூஞ்சில முழிக்காத."

அவளுக்கு அதன் பிறகு எந்த டூல் ரூமிலும் வேலை கிடைக்கவில்லை. மண்ணூர் அறையைக் காலி செய்து, யாரிடமும் சொல்லாமல் படப்பைக்கு மாறினாள். ஒரு குடோனில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. கேஸில் அவளை அரசுத் தரப்புச் சாட்சியாக மாற்றிக்கொண்டார்கள். கோர்ட்டில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

சாட்சி சொல்ல வேண்டிய நாளில் ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்குச் சீக்கிரமே போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். விபூதி வாசம் வந்தது. ஜாமீனில் இருந்த தணிகாசலம்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.

அவள் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒடம்பு எளச்சிட்டியே. அட்டைப்பொட்டி வேலைல பசையில கை வெந்து போவும்மா, உன் கைக்கு அது ஆவாது." அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "படப்பைல தண்ணி டேங்குக்குப் பின்னாடி சந்துல தானே கீற? மாடி ரூமு. படிக்கட்டுல லைட்டு இல்லன்னு பசங்க சொன்னானுங்க. பாத்து ஏறு."

எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தன் வக்கீலைத் தேடிப் போனார்.

தூணோரம் நின்றிருந்த லீலாவிடம் போய் தங்கமாரி அதை அப்படியே சொன்னாள். எழுதிக் கொடு, ரவுண்ட்ஸ் போகச் சொல்கிறேன் என்றார் லீலா. அவர் குரலில் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. உள்ளே அவள் பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறினாள். பிளாஸ்டிக் உறையில் போட்ட இரண்டு இரும்பு உருளைகளை அவள் முன்னால் வைத்து, இவற்றை அடையாளம் தெரிகிறதா என்று அரசு வக்கீல் கேட்டார். பின்வரிசையில் தணிகாசலம் காலை நீட்டி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றாள் தங்கமாரி. "நான் வெட்டினது."

விசாரணை பாதியில் மாலையாகிவிட்டது. மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்து அவள் படப்பை பஸ்ஸுக்கு நிற்காமல், பாலத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள். எங்கே இறங்குவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கண்டக்டர் இரண்டாம் தடவை கேட்டபோது, கடைசி ஸ்டாப் என்றாள்.